அளவு மாறாமைச் சோதனையும் காசிமேட்டு மீன் கூறுகளும்: ஒரு பிள்ளையை எந்தப் படிநிலையில் சேர்ப்பது?

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாலை நேரங்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் ஒரு சமுதாயக் கூடத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். செய்முறைப் பதிவேட்டுக்காக, உளவியலாளர் பியாஜேயின் அளவு மாறாமைச் சோதனையை (வடிவமோ பாத்திரமோ மாறினாலும் அளவு மாறாது என்பது பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்ப்பது) இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் செய்து பார்த்தேன். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் சமம் என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றில் இருந்த தண்ணீரை ஒல்லியான, உயரமான கண்ணாடிக் குவளைக்கு மாற்றிவிட்டு, எதில் அதிகம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் உயரமான குவளையைக் காட்டினாள். பாடநூல்படி அவள் இன்னும் செயலுக்கு முற்பட்ட நிலையில்தான் (அளவு மாறாமை பிடிபடாத வளர்ச்சி நிலை) இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் அவளுடைய ஆயா (பாட்டி) மீன் விற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். ஆயா தேநீர் குடிக்கப் போனபோது சிறுமிதான் கடையைப் பார்த்துக்கொண்டாள். விற்பதற்காகக் கூறு கூறாக, அதாவது சிறு குவியல்களாக, வைத்திருந்த சங்கரா மீன்களில் ஒரு கூறு நெருக்கமாகக் குவிந்திருந்தது. அவள் அதைக் கலைத்து, மீன்களை வால் வெளியே தெரியும்படி விசிறி போலப் பரப்பி வைத்தாள். இப்போது மீன் கூடிவிட்டதா என்று கேட்டேன். "பரப்பி வெச்சா ஜாஸ்தியா தெரியும்க்கா. மீனு அதேதான்" என்றாள். சற்று நேரத்தில் ஒருவர் 150 ரூபாய்க் கூறை 130 ரூபாய்க்குப் பேசி முடித்து 500 ரூபாய்த் தாளை நீட்டினார். மீதி 370 ரூபாயை அவள் தாளில் எழுதாமல், விரல் மடக்காமல், சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

எண்ணிக்கை மாறாமையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிள்ளை, தண்ணீரில் ஏன் தவறினாள்? பதிவேட்டில் ஏதாவது ஒரு நிலையை மட்டும்தான் குறிப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எதை எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை.


தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் கண்டதைக் கண்டபடியே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் பாராட்டு. மாநகராட்சிப் பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில் பியாஜேயின் தரப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாடநூல்கள் அவரை வயது அட்டவணையாகச் சுருக்கிவிட்டதால் அவருடைய உண்மையான பங்களிப்பு நம் மாணவ ஆசிரியர்களுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

1896 இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ழான் பியாஜே, முதலில் நத்தை, கிளிஞ்சல் முதலிய மெல்லுடலிகளை ஆராய்ந்த உயிரியலாளர். பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினேயின் கூட்டாளியாக இருந்த சீமோனிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணி அவருக்குத் தரப்பட்டது. சரியான விடைகளை எண்ணி மதிப்பெண் போடுவதே அந்த வேலை. அவர் கவனம் தவறான விடைகளின் பக்கம் திரும்பியது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகத் தவறு செய்கிறார்கள் என்றால், அந்தத் தவறுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான சிந்தனை முறை இருந்தாக வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். பிள்ளையின் தவறான விடையை அறியாமை என்று ஒதுக்காமல், அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகக் கொண்டதுதான் அவருடைய பெரும் பங்களிப்பு என்பேன். புலனியக்க நிலை (புலன்களாலும் அசைவுகளாலும் அறிவது), செயலுக்கு முற்பட்ட நிலை, பருப்பொருள் செயல்நிலை (கண்ணெதிரே உள்ள பொருள்களைக் கொண்டு முறையாக யோசிப்பது), முறைசார் செயல்நிலை (பொருள் இல்லாமலும் கருத்தளவில் யோசிப்பது) என்று அவர் வகுத்த நான்கும் இந்த அடிப்படையில் எழுந்தவை. இவற்றில் வரிசைதான் அவருக்கு முக்கியம். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் இரண்டு, ஏழு, பதினொன்று என்ற வயதுகளைத் தோராயமாகத்தான் குறிப்பிட்டார்.

உங்கள் கேள்விக்கு அவருடைய கோட்பாட்டுக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. அளவு மாறாமை எல்லாப் பொருள்களிலும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதை அவரே கண்டிருந்தார். எண்ணிக்கை மாறாமை முதலில் வரும். பொருளின் அளவு அதற்குப் பிறகு. எடை அதற்கும் பிறகு. இடக்கொள்ளளவு, அதாவது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு, மிகவும் பிந்தி, பத்துப் பதினொரு வயதில் வரும். மீன் கூறு எண்ணிக்கையைச் சார்ந்தது, தண்ணீர் ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத தொடர் அளவைச் சார்ந்தது. ஆகவே அந்தச் சிறுமி இரண்டு நிலைகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்வது பியாஜேக்கு முரணானதன்று.


வியாசர்பாடி உளவியல் மாணவி எழுதியது:

ஐயா சொன்ன விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அது சிக்கலின் பாதியைத்தான் தீர்க்கிறது என்பது என் கருத்து. பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், நாம் கேட்ட கேள்வி அந்தப் பிள்ளைக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டாக வேண்டும்.

சோதனை நடந்த விதத்தைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் இரண்டும் சமமா என்று கேட்கிறார். பிள்ளை ஆம் என்கிறது. பிறகு அவரே, பிள்ளையின் கண்முன்னால், வேண்டுமென்றே தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்கிறார். நம் வகுப்பறைகளில் ஆசிரியர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் அதற்கு என்ன பொருள் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் சொன்ன விடை தவறு, மாற்றிச் சொல் என்பதுதான் அது. சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் ஆகிய இருவரும் 1974 இல் இதைச் சோதித்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு மட்டும் ஒரே முறை கேள்வி கேட்டபோது ஆறு வயதுப் பிள்ளைகளின் தவறுகள் குறைந்தன. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் வேறொரு வழியில் பார்த்தார்கள். சம எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றை ஆய்வாளர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து தப்பி வந்து கலைத்துவிட்டதாகக் காட்டினார்கள். பெரியவர் கலைத்தபோது தவறாகச் சொன்ன பிள்ளைகளில் பலர், பொம்மை கலைத்தபோது எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரு காரியத்தைச் செய்தால் அதில் காரணம் இருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அவர்கள் விடைக்குள் புகுந்துவிடுகிறது.

காசிமேட்டுச் சிறுமி மீனைத் தன் கையாலேயே பரப்பினாள், தண்ணீரை நீங்கள் ஊற்றினீர்கள். இந்த வேறுபாடு சிறியதன்று. பாட்ரிசியா கிரீன்ஃபீல்ட் செனகல் நாட்டில் வோலோஃப் இனப் பிள்ளைகளிடம் நடத்தி 1966 இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வாளர் ஊற்றியபோது தண்ணீர் கூடிவிட்டது என்று சொன்ன பள்ளி செல்லாத பிள்ளைகளில் பெரும்பாலோர், தாங்களே ஊற்றியபோது அளவு மாறவில்லை என்றார்கள். மெக்சிகோவில் பிரைஸ் வில்லியம்ஸ் குழுவினர் 1969 இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள், அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளைவிடக் களிமண் அளவு மாறாமையில் முன்னால் இருந்தார்கள். கை பழகிய பொருளில் அறிவு முன்னால் ஓடுகிறது.

மீதிச் சில்லறைக்கு வருகிறேன். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், தெருவில் வியாபாரம் செய்யும் ஒன்பது முதல் பதினைந்து வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் கராஹெர் இணையரும் ஷ்லீமனும் ஓர் ஆய்வு செய்து 1985 இல் வெளியிட்டார்கள். முதலில் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். பிறகு அதே எண்களைத் தாளும் பென்சிலும் கொடுத்துப் பள்ளிக் கணக்காகப் போடச் சொன்னார்கள். சந்தையில் 98 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் 35 குருசேரோ விலையுள்ள நான்கு தேங்காய்களுக்கு, மூன்று தேங்காய் 105, அதோடு ஒரு முப்பது, பிறகு ஒரு ஐந்து என்று கூட்டி 140 என்று சரியாகச் சொன்னான். தாளில் 35 ஐ நான்கால் பெருக்கும்போது, ஐந்து நான்கு இருபது, மேலே இரண்டு, அந்த இரண்டோடு மூன்றைக் கூட்டினால் ஐந்து, அதை நான்கால் பெருக்கினால் இருபது என்று போய் 200 என்று எழுதினான். தேங்காய்க் கணக்கில் 200 என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டான், ஏனென்றால் அங்கே எண்ணுக்குப் பின்னால் பணம் நிற்கிறது.

ஆகவே அந்தச் சிறுமியை எந்த நிலையில் வைப்பது என்ற கேள்வியையே மாற்றிக் கேட்க விரும்புகிறேன். எந்தப் பொருளில், யார் கேட்டபோது, யார் கை செய்தபோது அவள் என்ன விடை சொன்னாள் என்பதுதான் ஆசிரியருக்குப் பயன்படும் பதிவு.


தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

ரெசிஃபே ஆய்வை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஓர் எச்சரிக்கை. தெருக்கணக்கு தெரிகிறது, அதுவே போதும் என்ற இடத்துக்கு நாம் வழுக்கிவிடக் கூடாது. 370 ரூபாய் மீதி கொடுக்கத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தில் தடுக்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சந்தையில் தெரிந்ததை ஏட்டுக்குக் கொண்டுவருவது தானாக நடக்காது. அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

இங்கேதான் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி நமக்கு உதவுகிறார். அவரும் 1896 இல் பிறந்தவர்; காசநோயால் 1934 இலேயே மறைந்துவிட்டார். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் விவரம் தெரிந்த ஒருவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். கற்பித்தல் அந்தப் பகுதியில்தான் நடக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோலத் துணை கொடுத்துப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் முறைக்குச் சாரம் கட்டுதல் என்று பெயர் வைத்தவர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர், 1976 இல். வைகாட்ஸ்கியே சொன்னதாக வழிகாட்டி நூல்களில் வருவது சரியன்று.

உங்கள் மாணவிக்கு இப்படிச் செய்து பாருங்கள். 500 இலிருந்து 130 ஐ எப்படிக் கழித்தாள் என்று அவளையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் 130 இலிருந்து 200 க்கு 70, அங்கிருந்து 500 க்கு 300 என்று ஏறித்தான் போயிருப்பாள். அவள் சொல்வதை அப்படியே ஓர் எண்கோட்டில் நீங்கள் வரைந்து காட்டுங்கள். அடுத்த கணக்குக்குக் கோட்டை அவளே வரையட்டும். அதற்கடுத்து, கடன் வாங்கிக் கழிக்கும் பள்ளி முறையைப் பக்கத்தில் எழுதி, இரண்டும் ஒரே இடத்துக்கு வருவதை அவளே கண்டுபிடிக்கட்டும். அவளிடம் ஏற்கெனவே உள்ள முறையைத் தவறென்று அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத்தான் நம் வகுப்புகள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. அதில் பிள்ளை தன் அறிவின்மேலேயே நம்பிக்கை இழக்கிறது.


கொருக்குப்பேட்டை அம்மா எழுதியது:

நான் உளவியல் படித்தவள் இல்லை. உங்கள் உரையாடலைப் படித்ததால் கேட்கத் துணிகிறேன். என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். அவன் பள்ளியில் பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். என் மகன் உடனே எடுத்துச் சாப்பிட்டுவிட்டான். தன்னடக்கம் இல்லாத பிள்ளை, பிற்காலத்தில் படிப்பு பாதிக்கும் என்று என்னை அழைத்துச் சொன்னார்கள். வீட்டில் அக்கா, தங்கை பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். வைத்துவிட்டுப் போன பண்டம் திரும்பி வரும்போது இருக்காது. அதனால்தான் அப்படிச் செய்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கவலைப்பட வேண்டுமா?


வியாசர்பாடி உளவியல் மாணவி எழுதியது:

அம்மா, கவலைப்படாதீர்கள். உங்களுக்குத் தோன்றிய காரணம், ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்து சேர்ந்த காரணத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்தச் சோதனையை உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் தொடங்கினார். பிள்ளைகளில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள வசதியான குடும்பத்தவர்கள். அவர்களில் அதிக நேரம் காத்திருந்தவர்கள் பின்னாளில் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள் என்ற செய்திதான் உலகெங்கும் பரவியது. 2018 இல் வாட்ஸ், டங்கன், க்வான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் தரவைக் கொண்டு இதைத் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு பழைய ஆய்வுகளில் சொல்லப்பட்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் பிள்ளையின் தொடக்கத் திறன்களையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் கொண்டபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது.

செலஸ்ட் கிட் குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வீட்டு நிலைமைக்கு இன்னும் பொருத்தமானது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 28 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். இனிப்பைக் காட்டுவதற்கு முன்பு, படம் வரையப் புதிய வண்ணங்களும் நல்ல ஒட்டுப்படங்களும் கொண்டுவருவதாக எல்லாப் பிள்ளைகளிடமும் பெரியவர் வாக்குக் கொடுத்தார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதிப் பேரிடம், மன்னிக்க வேண்டும், இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்தான். சொன்னது நடக்காது என்று அறிந்த பிள்ளை கையில் இருப்பதை உடனே எடுத்துக்கொள்வது நிலைமையைச் சரியாகக் கணித்த செயல். உங்கள் மகனிடம் காத்திருக்கும் பழக்கம் வளர வேண்டும் என்றால், அவனுக்குச் சொன்ன சிறு வாக்குகளைத் தவறாமல் நிறைவேற்றுங்கள். அவன் பங்கை அவன் பெயரில் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிய முன்னறிவிப்பை மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.


எண்ணூர் இளைஞர் மன்றம் எழுதியது:

வளரிளம் பருவத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையைப் பிரித்த எட்டுப் பருவங்களில் ஐந்தாவது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை, தன்னடையாளத்துக்கும் பங்குக் குழப்பத்துக்கும் (சமூகத்தில் தன் இடம் எது என்று தெரியாத நிலை) இடையிலான போராட்டம். அந்த வயதில் பொறுப்புகளைச் சுமத்தாமல், பல பாத்திரங்களை ஏற்றுப் பார்க்கச் சமூகம் இளைஞருக்கு ஓர் அவகாசம் தருகிறது என்று அவர் எழுதினார். அந்த அவகாசம் நம் பகுதியில் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. கடலில் மீன்பாடு இல்லாமல் அப்பா கரையில் உட்கார்ந்துவிட்டால் பதினைந்து வயதுப் பையன் ஏதாவது ஒரு பட்டறையில் வேலைக்குப் போகிறான். அவனுடைய அடையாளம் தேடிக் கண்டடைந்தது என்று சொல்ல முடியாது. அது அவன் தலையில் வைக்கப்பட்டது.

முன்பு பெரம்பூர் பின்னி ஆலையைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில், ஆலைத் தொழிலாளி என்ற அடையாளம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. அதில் சங்கம் இருந்தது, பெருமையும் இருந்தது. 1996 இல் ஆலை மூடப்பட்ட பிறகு அந்த வழியும் அடைபட்டது. எங்கள் பகுதியில் கால்பந்து, கேரம், குத்துச்சண்டை என்று பயிற்சிக் களங்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவதை வெறும் பொழுதுபோக்காக நான் நினைக்கவில்லை. வேறு எங்கும் கிடைக்காத அந்த அவகாசத்தை அங்கேதான் பெறுகிறார்கள். மைதானம் பறிபோகும்போது நாங்கள் போராடுவதும் அதனால்தான்.


தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதோடு உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னரையும் சேர்த்துப் படியுங்கள். 1979 இல் வெளிவந்த அவருடைய நூலில், பிள்ளையைச் சுற்றிக் குடும்பமும் பள்ளியும் இருக்கும் நெருங்கிய வட்டம், அவற்றுக்கிடையேயான தொடர்பு, பிள்ளை நேரில் பங்கெடுக்காவிட்டாலும் அவர்களைப் பாதிக்கும் புறவட்டம், இவை அனைத்தையும் சூழ்ந்த பண்பாடும் சட்டமும் என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். புறவட்டம் என்பதைப் புரியவைக்கக் காசிமேட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த முடிவில் எந்தப் பிள்ளைக்கும் பங்கில்லை. புத்தகம், சீருடை, கட்டணம் என்று செலவு குவியும் பள்ளித் திறப்பு மாதத்தில்தான் பல வீடுகளில் வருமானம் இல்லாமல் போகிறது. ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமலோ, வந்தும் கவனமில்லாமலோ இருந்தால், அந்தப் பிள்ளையின் மனத்தை ஆராய்வதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.


தகுதித்தேர்வு மாணவர், திருவொற்றியூர் எழுதியது:

அனைத்தும் பயனுள்ளவை. எனக்கு ஒரு நடைமுறை ஐயம். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் என்ற பகுதிக்கு 30 மதிப்பெண். அங்கே ஏழு வயது என்றால் எந்த நிலை என்று நேரடியாகக் கேட்கிறார்கள். நீங்கள் பேசியதையெல்லாம் வைத்து எப்படி விடையளிப்பது?


வியாசர்பாடி உளவியல் மாணவி எழுதியது:

பியாஜேயின் கூற்றுப்படி என்று வினாவில் இருந்தால் பியாஜே சொன்னதைக் குறியுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் கேட்கிறார்கள், அது உண்மையா என்று கேட்கவில்லை. ஏழு முதல் பதினொன்று வரை பருப்பொருள் செயல்நிலை என்பதை மாற்ற வேண்டாம்.


காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வியாசர்பாடித் தோழி சொன்னபடி சோதனையை மாற்றி அமைத்தேன். இம்முறை தண்ணீர் பிடிக்கும் குடத்திலிருந்து அவளே இரண்டு டம்ளர்களில் ஊற்றினாள்; உயரமான குவளைக்கும் அவளே மாற்றினாள்; நான் கேள்வியை ஒரே முறை மட்டும் கேட்டேன். சிறிது நேரம் குவளையையே பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், இது ஒல்லியா இருக்கு, அதான் மேல ஏறிடுச்சு" என்றாள். முன்பு ஒருமுறை செய்து பார்த்த பழக்கமும் இதில் உதவியிருக்கலாம் என்பதால், இதுவரை சோதனையில் பங்கெடுக்காத வேறு பிள்ளைகளிடம், பாதிப் பேருக்கு நான் ஊற்றியும் பாதிப் பேரை அவர்களே ஊற்றச் சொல்லியும் பார்க்கப் போகிறேன்.

பதிவேட்டில் நிலை என்ற கட்டத்தில் பருப்பொருள் செயல்நிலையின் தொடக்கம் என்று எழுதி, அதற்குக் கீழே பொருள், கேட்டவர், ஊற்றியவர், கேள்வி கேட்ட முறை, விடை, பிள்ளை சொன்ன காரணம் என்று தனி அட்டவணை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அட்டவணையை ஏற்றுக்கொள்வார்களா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன்.


தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

நல்ல முயற்சி, அம்மா. பிள்ளை சொன்ன காரணம் என்ற பத்தியை அகலமாக விடுங்கள். அவர்கள் வாய்மொழியைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். ஆயாவிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், பதிவேட்டில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம்.